பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில்

காப்பியக் குடிங்க மேடம். நான்தான் போட்டேன், அவ போடல. தைரியமாக் குடிங்க. அடுப்பங்கரைக்குள்ள அவளை நான் விடுறதில்ல. சீனி பத்தலைன்னா சொல்லுங்க.

எம் மகன் மதிவாணன்தான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கான், தெரியும். "எங்கம்மா அந்தப் பிள்ளையப் பாடாப் படுத்துறாக, வந்து ரெண்டு பேரையும் வச்சுப் பேசித் தீத்து வைங்க"ன்னு சொல்லியிருப்பான். சொன்னானா இல்லையா? நீங்க சிரிக்கிறதப் பாத்தாலே தெரியுது. அவளை வேலைக்கு அனுப்பி வச்சதும் உங்க டிரஸ்டு, இப்ப சண்டையத் தீக்க வந்திருக்கிறதும் உங்க டிரஸ்டு. நீங்க யாரு பக்கம் பேசுவீகன்னு எனக்குத் தெரியாதா? சரி, வந்தவுகளை வாங்கன்னு சொல்லணும்ல. எம் பக்கத்து நியாயத்தையும் காதுல போட்டுக்கங்க.

அனுசுயான்னு பேரு. விளாத்திகுளத்துப் பக்கமாம். உங்களுக்குத் தெரியாததா. இப்பப் பின்வாசல்ல பையோட உக்காந்திருக்கா. காலையில நான்தான் கிளம்புன்னுட்டேன். "மேடம் வந்ததும் அய்யாகிட்டச் சொல்லிட்டுப் போறேம்மா"ன்னு அமைதியாச் சொல்றா. அந்த அமைதிதான் மேடம் எனக்கு ஆகாது. திட்டுனா ஒருத்தி திருப்பித் திட்டணும், இல்லன்னா அழணும். ரெண்டும் இல்லாம நிக்கிறவ மனசுல வேற என்னமோ ஓடுதுன்னு அர்த்தம்.

நான் ஆள் பாத்துப் பழகுனவ. இந்த ராஜபாளையத்துப் பஞ்சு மில்லுல கேட்டுல நின்னவ நான். சிப்டு முடிஞ்சு போற பொம்பளைக தூக்குச்சட்டியத் திறந்து பாத்து, மடியத் தடவிப் பாத்து வெளிய விடுற வேலை. ரிட்டயராகுற வரைக்கும் அதான் பாத்தேன். கேட்டுல வேலம்மா நிக்கிறான்னா ஒருத்தியும் துணிய மாட்டா. ஒருக்கா ஒருத்தி நூல்கண்டக் கொண்டைக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டு வந்தா. நான் கொண்டையப் பாக்கல, நடையப் பாத்தேன். பிடிச்சிட்டேன். அதனால எங்கிட்ட நடிப்பு செல்லாது. இவ வந்த அன்னைக்கே எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லிருச்சு.

முதல்லருந்து சொல்றேன். அவுகளுக்கு, எங்க வீட்டுக்காரகளுக்கு, ஆடி மாசம் வாதம் வந்துச்சு. ஈபியில லைன்மேனா இருந்த மனுசன். கம்பத்துல ஏறி இறங்குன காலு. பாத்ரூம்ல விழுந்தாக, பீச்சாங்கையும் அந்தப் பக்கத்துக் காலும் ஒண்ணாப் போச்சு. பேச்சு கொஞ்ச நாள் குழறுச்சு, அப்புறம் தெளிஞ்சிருச்சு. புத்தியெல்லாம் கூர்மைதான். எந்தத் தெருவுல எந்தக் கம்பத்துல எந்த வருசம் ஏறுனாகன்னு இப்பவும் சொல்வாக. அத மனசுல வச்சுக்கங்க. புத்தி கலங்குன மனுசன் செஞ்சிருந்தா நான் ஏன் வருத்தப்படப் போறேன்?

ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும் ஒத்தையா நாந்தான் பாத்தேன். குளிப்பாட்டுறது, துடைக்கிறது, புண்ணு வந்திரக் கூடாதுன்னு புரட்டிப் போடுறது, எல்லாம். ஒருநாள் தூக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவுக கட்டில்ல, நான் கீழ, ரெண்டு பேருக்கும் எந்திரிக்க முடியல. பால்காரரு வந்துதான் கைகுடுத்துத் தூக்குனாரு. அந்தக் கதைய யாரோ புண்ணியவாட்டி மதிவாணன் காதுல போட்டுட்டா. அடுத்த வாரம் கோயமுத்தூர்லருந்து வந்து இறங்குறான், கூட இவளும் வந்து இறங்குறா. வேணுமா வேண்டாமான்னு என்னய ஒரு வார்த்தை கேக்கல மேடம். வீடு என்னோடது, புருசன் என்னோடது, முடிவு மட்டும் இவனோடது.

சரி, வந்தவ வந்தா, ஒழுங்கா இருந்தாளா? உள் ரூமை நீங்க பாப்பீக. கட்டில் தெக்க தலை வச்சுக் கிடக்கும். வாசல்ல நுழைஞ்சா அவுகளோட பீச்சாங்கைப் பக்கம்தான் வரும். அங்கதான் எந் நாற்காலி. அங்கிட்டு, சோத்தாங்கைப் பக்கம், பீரோ நிக்கும். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சு நுழையுற இடுக்குதான் இருக்கு. இவ வந்த முத நாளே ஒரு ஸ்டூலத் தூக்கிட்டுப் போயி அந்த இடுக்குக்குள்ள உக்காந்துக்கிட்டா. இங்கிட்டுக் காத்தோட்டமா இடம் கிடக்க, பீரோ இடுக்குல போயி ஒருத்தி ஏன் ஒண்டணும்? அதுவும் எம் பீரோ. அன்னைக்கே சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்.

இவ அங்கிட்டு உக்காந்ததுலருந்து அவுக மூஞ்சி அங்கிட்டே திரும்பிக்கிச்சு. அவகூடப் பேச்சென்ன, சிரிப்பென்ன. நான் இங்கிட்டு நாற்காலியில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், ஒரு தடவை திரும்பிப் பாக்கணுமே. நான் பேசுனா பதில் வரும், இல்லைங்கல. ஆனா எம் மூஞ்சியப் பாத்து வராது. பீரோவப் பாத்துச் சொல்வாக. பீரோகூடக் குடும்பம் நடத்துன மாதிரி.

சாப்பாட்டுக் கதையக் கேளுங்க. கருணைக்கிழங்கு மசியல்னா அவுகளுக்கு உசுரு. கை அரிக்க அரிக்கச் செஞ்சு, தட்டுல சோறு இங்கிட்டு, வெஞ்சனம் அங்கிட்டுன்னு எப்பவும் வைக்கிற மாதிரி வச்சுக் குடுத்தேன். சோத்தாங்கைப் பக்கத்துல இருந்த சோத்தை வழிச்சுச் சாப்பிட்டாக. பீச்சாங்கைப் பக்கத்துல இருந்த மசியல விரலால கூடத் தொடல. தொடாததோட விட்டாகளா, அவளப் பாத்து, "இன்னைக்கு வெஞ்சனம் ஒண்ணும் இல்லையாம்மா"ன்னு கேக்குறாக. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அப்ப இவ என்ன செஞ்சா தெரியுமா? தட்டைப் பிடிச்சு ஒரு திருப்புத் திருப்பி வச்சா. அங்கிட்டு இருந்தது இங்கிட்டு வந்துச்சு. அம்புட்டுத்தான். "அட, மசியலு"ன்னு வழிச்சுச் சாப்பிடுறாக. நான் வச்சா கசக்குது, அவ கைபட்டா இனிக்குதா?

மருந்து மாயம் எதும் இருக்குமோன்னு நான் எலுமிச்சம்பழம் வாங்கித் தலைமாட்டுல வச்சுப் பாத்தேன். சிரிக்காதீக. பழம் கறுக்கல, அழுகல. சரி, மந்திரம் இல்ல, தந்திரம்தான்னு முடிவு பண்ணேன்.

அதுக்கடுத்து சவரம். அவுகளே செஞ்சு பழகட்டும்னு ரேசரக் கையில குடுத்துட்டாளாம். நான் கொல்லையிலருந்து வந்து பாக்குறேன், பாதி மூஞ்சி மழுமழுன்னு இருக்கு, மறுபாதி நுரையோட அப்படியே நிக்குது. பாதி மீசை இருக்கு, பாதி மீசையக் காணோம். அந்தக் கோலத்துல கண்ணாடியப் பாத்து, சுத்தமா ஆயிருச்சுன்னு திருப்தியாத் தலையாட்டுறாக. கோமாளியாக்கி வச்சிருக்கியான்னு நான் சத்தம் போட்டேன். அதுக்கு அவ பதில் சொன்னா. அந்தப் பதிலத்தான் உங்களுக்கும் சொல்லியிருப்பா.

"அய்யாவுக்குப் பீச்சாங்கைப் பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியலம்மா. கண்ணு பாக்கும், மூளை எடுத்துக்காது. நீங்க அங்க உக்காந்தா நீங்க இருக்கிறதே அவுகளுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் வந்து பேசுங்க. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா அந்தப் பக்கம் நகந்து பழக்கலாம்"னா.

எப்படி இருக்கு கதை? நான் சும்மா விடல. ஆட்டோ வச்சுக் கண்ணு டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போனேன். ரெண்டு கண்ணுலயும் லைட்டடிச்சுப் பாத்துட்டு, கண்ணு நல்லாருக்கு, கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுட்டாரு. மூளை டாக்டரப் பாருங்கன்னு ஏதோ சொன்னாரு, அது டாக்டருகளுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் கைகாட்டி விடுறது. எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. கண்ணு நல்லாருக்காம். அப்புறம் நான் மட்டும் எப்படித் தெரியாமப் போவேன்? முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவ தெரியல, முந்தாநாள் வந்தவ தெரியுறாளா?

நான் ஏன் அங்கிட்டுப் போகலன்னு கேக்குறீக. கேக்கலையா? மூஞ்சி கேக்குதே. எங்க கல்யாணத்துல தாலி கட்டுனதும் எந்திரிக்கச் சொல்லி, சுத்தி வரச் சொல்லி, இடப்பக்கம் மாத்தி உக்கார வச்சாக. அன்னையிலருந்து அதான் எனக்கு இடம். போட்டோ எடுத்தாலும், கோயிலுக்குப் போனாலும், பஸ்ஸுல சீட்டுக் கிடைச்சாலும் நான் இடப்பக்கம்தான். வலப்பக்கம் மகளுக்குன்னு சொல்வாக. எங்களுக்குப் பொட்டப்பிள்ளை இல்ல. பெறந்தது ஒரே மகன், அவனும் கோயமுத்தூர்ல. அப்ப அந்த இடம் சும்மாத்தான் கிடக்கணும். எவளோ வந்து உக்காந்துக்கிட்டு, எங்கிட்டு உக்காரணும்னு எனக்கே சொல்லிக் குடுப்பாளா? எந்த வீட்டுலயாவது வேலைக்கு வந்த பிள்ளை வீட்டுக்காரிக்கு இடம் காட்டுமா?

தைலம் தேச்சு விட்டத மறந்துட்டேன் பாருங்க, அதையும் சொல்லிர்றேன், இல்லன்னா அவ சொல்வா. என் இடுப்புக்கு ரெண்டு மூணு நாள் தைலம் தேச்சு விட்டா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். என்னயக் கைக்குள்ள போட்டுக்கத்தான அதெல்லாம். நாலாம் நாள் வேண்டாம்னுட்டேன்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன் மேடம். பொறுக்க முடியாதது எதுன்னா, அந்தப் போனு.

போன ஞாயித்துக்கிழமை மதிவாணன் போன் பண்ணான். அவதான் அங்கிட்டு உக்காந்து போனை அவுக காதுகிட்டப் பிடிச்சிருந்தா. நான் இங்கிட்டு உக்காந்து, அவுக காலை எம் மடியில தூக்கி வச்சு, நல்லெண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்கேன். அந்த மனுசன் மகன்கிட்டச் சொல்றாக, "உங்கம்மா எம் பக்கத்துலயே வர்றதில்லடா. வீட்டுக்குள்ள எங்கயோ குரல் கேக்குது, ஆளத்தான் காணோம். எம்மேல என்ன கோவமோ, உங்க மாமா வீட்டுக்குப் போயிட்டா போல. அங்கிருந்து போன்ல பேசுறாளோ என்னமோ."

எங் கையில எண்ணெய். எம் மடியில அவுக காலு.

நான் போனைப் பறிச்சுக் கத்துனேன். "டேய், நான் இங்கதாண்டா உக்காந்திருக்கேன், உங்கப்பன் பொய் சொல்றாரு"ன்னேன். அப்படியும் அவுக அங்கிட்டுத் திரும்பி அவளப் பாத்து, "பாத்தியா, குரல் கேக்குது"ங்கிறாக. இது யாரு சொல்லிக் குடுத்தது? அவுகளா இப்படிப் பேச மாட்டாக. கோவம் வந்தாக் கத்துவாக, சட்டியத் தூக்கி எறிவாக, அதோட முடிஞ்சிரும். மகன்கிட்டக் கோள் சொல்ற பழக்கம் அவுகளுக்கு எந்தக் காலத்துலயும் கிடையாது.

அதுலருந்து எம் மகன் எங்கிட்டப் பேசுற தோரணையே மாறிப் போச்சு. "முடியலன்னா முடியலன்னு சொல்லும்மா, ஏன் அப்பாவ ஒதுக்குற"ங்கிறான். கோயமுத்தூர்ல நல்ல ஹோம் இருக்காம். வாதம் வந்தவுகளுக்குன்னே தனியா இருக்காம். வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியெடுத்துட்டு வந்து அவுகளக் கூட்டிட்டுப் போயிருவேங்கிறான். இந்த வீட்டுல நான் ஒத்தையா இருக்கணுமாம், எனக்கு ரெஸ்ட்டாம். புருசன ஹோம்ல போட்டுட்டு வீட்டுல காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு ரெஸ்ட்டா?

அதுக்கு வழி பண்ணுனது இவதான். ஆள ஹோமுக்கு அனுப்புனா இவளுக்கு என்ன லாபம்னு கேக்காதீக. அதான் எனக்கும் பிடிபடல. ஆனா ஏதோ இருக்கு.

நேத்து உச்சமா ஒரு வேலை பண்ணா. நான் ரேசன் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, எக்சசைஸ் குடுக்க வர்ற தம்பியும் இவளுமாச் சேந்து கட்டிலத் தலைகீழாத் திருப்பிப் போட்டுட்டாக. வாசப் பக்கம் அவுகளோட சோத்தாங்கை வர்ற மாதிரி. "இனி நீங்க உள்ள வந்தாலே அய்யாவுக்குத் தெரியும்மா"ன்னு பல்லைக் காட்டுறா. தலை எங்கிட்டு இருக்குன்னு பாத்தேன். வடக்க. வடக்க தலை வச்சுப் படுக்கப் போட்டிருக்கா மேடம், நோயாளி மனுசன. தெரிஞ்சு ஒருத்தர் செய்வாகளா? பக்கத்து வீட்டு ஆளுகளக் கூப்பிட்டு உடனே பழையபடி போட்டேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன், விடிஞ்சதும் கிளம்புன்னுட்டேன். இதான் நடந்தது. இதுல எம்மேல என்ன தப்பு?

என்ன கேட்டீக? நானா? நான் நிம்மதியாத் தூங்கி எம்புட்டு நாளாச்சுன்னா? இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க அவளப் பத்திக் கேளுங்க.

கட்டிலுக்குப் பக்கத்துல பாய் போட்டுத்தான் படுப்பேன். பீச்சாங்கைப் பக்கம்தான். அவுக கையையும் எங் கையையும் ஒரு கிழிசல் துணியால முடிஞ்சு வச்சுக்குவேன். அவுக அசைஞ்சா எனக்கு முழிப்புத் தட்டும்ல, அதுக்கு. அந்தக் கை அசையாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் கட்டுறேன். அசைஞ்சிருமோன்னு ஒரு இது. விடிய விடிய அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன். அழுகை வருது மேடம், வந்தா வரட்டும். அவுகளுக்கு வாதம் வந்ததுலருந்து இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான். எல்லாரும் அவுக எப்படி இருக்காகன்னு கேப்பாக, கேக்கணும்ல, அதான முறை. காலையில சாப்பிட்டேனான்னா, சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு கேட்டா நெனவு வரல.

போதும். வந்த காரியத்துக்கு வாங்க. நீங்க என்ன செய்யச் சொல்றீக?

அங்கிட்டா? நானா? அந்த இடுக்குலயா?

ஒரே ஒரு தடவை. ஒண்ணும் பேசாம, சும்மா போயி நிக்கணும். அவ உள்ள வரக் கூடாது, நீங்க வாசல்லயே நிப்பீக. இதுதான? எனக்கு விளங்கிருச்சு. நீங்களும் அவ சொன்ன அதே கதையத்தான் சுத்தி வளைச்சுச் சொல்றீக. சரி. நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. நான் போயி நிக்கிறேன். அவுக மூஞ்சிய இங்கிட்டுத் திருப்பிக்கிருவாக, பாருங்க. அப்ப அவ எம் புருசன் மனசக் கெடுத்திருக்கான்னு நீங்களே மகனுக்குப் போன் போட்டுச் சொல்லணும். அவ இப்பவே பஸ் ஏறணும். திருப்பலன்னாவா? அதப் பெறகு பாத்துக்கிருவோம். வாங்க.

கதவ லேசாச் சாத்திட்டு வாங்க மேடம். உக்காருங்க. நானும் உக்காந்துக்கிறேன்.

நீங்க வாசல்ல நின்னுட்டீக, உள்ள பேசுனது உங்களுக்குக் கேட்டிருக்காது. சொல்றேன்.

ஒருக்களிச்சுத்தான் நுழைஞ்சேன். சேலை பீரோக் கைப்பிடியில மாட்டிக்கிச்சு. அத எடுத்துவிட்டு நிமுந்து பாக்குறேன், அவுக என்னயப் பாத்துக்கிட்டு இருக்காக. நேரா. கண்ணுக்குள்ள. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுலருந்து அந்தப் பார்வைய நான் பாக்கல. மொதல்ல நம்பாத மாதிரிப் பாத்தாக. அப்புறம் வாயத் திறந்து, "வேலு, எப்ப வந்த"ன்னு கேட்டாக.

நீங்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தீகள்ல, பேசல. "என்ன இப்படி மெலிஞ்சுட்ட, உங்க அண்ணன் வீட்டுல சோறு போடலையா"ன்னு கேட்டாக. எங்க அண்ணன் வீடு தென்காசியில இருக்கு. அந்த வாசல மிதிச்சே எம்புட்டோ காலமாச்சு. பொய் சொல்ற கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மேடம். அது பொய் சொல்ற கண்ணு இல்ல.

அப்பவும் எனக்குச் சந்தேகம் தீரல. தீருமா, எம் புத்தி அப்படி. மெதுவா நகந்து கால்மாட்டுக்கு வந்தேன். கண்ணு கூடவே வந்துச்சு. கால்மாட்டத் தாண்டி எந் நாற்காலிப் பக்கம் ரெண்டு எட்டு வச்சேன். விட்டுப் போச்சு. அவுக பார்வை அங்கேயே நின்னு தேடுது. நான் கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறேன். "வேலு, போயிட்டியா"ன்னு கூப்பிடுறாக. அந்தக் குரல நீங்க கேட்டிருக்கணும். சண்டைக்காரக் குரல் இல்ல. சந்தைக் கூட்டத்துல தாயத் தவற விட்ட பிள்ளை குரலு. எனக்கு இடுப்பு வலியெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல, ஓடிப் போயி அந்த இடுக்குல நின்னுட்டேன். சோத்தாங்கைய நீட்டி எங் கையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாக. "இம்புட்டு நாளா ஏன் வரல, நான் என்ன தப்புப் பண்ணேன்"னு கேட்டாக.

வாய் வரைக்கும் வந்துச்சு தாயி. வாசப்படி தாண்டாம உங்க பக்கத்துலயே கிடந்தேன், மூத்திரத் துணி அலசுனது யாரு, எண்ணெய் தேச்சது யாரு, கையோட கைய முடிஞ்சுக்கிட்டுப் படுத்திருந்தது யாருன்னு வரிசையா வந்து நின்னுச்சு. அதக் கேக்கணும்னுதான இம்புட்டு நாளாக் கொதிச்சுக்கிட்டு இருந்தேன். கேட்டிருந்தா அவுக என்ன நெனப்பாக? இத்தன நாளாப் பக்கத்துல இருந்தவளத் தெரியலையேன்னு அந்த மனுசன் ஒடிஞ்சு போயிருவாக.

"இப்பத்தாங்க வந்தேன்"னேன். "பஸ்ஸு கிடைக்கல"ன்னும் சொன்னேன்.

"சரி, இனிமே போகாத"ன்னாக. கையப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டாக. கைய உருவிட்டு வர்றதுக்குத்தான் இம்புட்டு நேரமாச்சு.

அந்தப் பிள்ளைய நான் கூப்பிட மாட்டேன். கிளம்புன்னு சொன்ன வாயால இருன்னு சொல்ல எனக்கு வராது. நீங்க சொல்லுங்க. பைய உள்ள கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க. காலையிலருந்து ஒண்ணும் திங்காம உக்காந்திருக்கா, இட்லி இருக்கு, சூடு பண்ணித் தர்றேன். அதுக்காக எல்லாத்துலயும் அவ சொன்னது சரின்னு ஆயிராது. வடக்க தலை வைக்க நான் சாகுற வரைக்கும் விட மாட்டேன், அத மட்டும் அவகிட்டத் தெளிவாச் சொல்லிருங்க. வேணும்னா பீரோவ வெளிய தூக்கிப் போட்டிரலாம். துணிமணிய எங்கயாவது அட்டைப்பெட்டியில அடுக்கிக்கிறேன். பீரோவ எடுத்துட்டா அங்கிட்டு நாற்காலி போடுற அளவுக்கு இடம் வந்துரும். அவளும் உக்காரட்டும், நானும் உக்காந்துக்கிறேன். இடப்பக்கம் எப்படிப் பழக்குறதுன்னு சொன்னாளே, அத ஒருக்கா நல்லாக் கேட்டுக்கணும். நான் சரியாக் காதுல வாங்கல.

மத்தியானத்துல நான் கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன், நீங்க சொன்னீகள்ல. அவ பாத்துக்கிருவா.

மதிவாணனுக்கு நீங்களே போன் போடுங்க. நான் பேசுனா மறுபடி சண்டையில முடியும். ஞாயித்துக்கிழமை வண்டியெடுத்துட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. பக்கத்துலயேதான் இருந்தா, உங்கப்பாவுக்குத்தான் தெரியலன்னு அதையெல்லாம் விளக்கிக்கிட்டு இருக்காதீக. அது அவுக காதுக்குப் போயிரும். உங்கம்மா வந்துட்டாகன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.